பெயர் எழுதாத கார்டு

“தயிர் மாதிரியா, தண்ணி மாதிரியா?”

“தயிர்னு சொல்லிட்டா அப்புறம் எப்படிக்கா தயிர் சாப்பிடுறது?”

“சாப்பிடலாம்லா. பத்தொன்பது வருசமா இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன், தெனமும் மோர் குடிக்கிறேன். சொல்லு, கட்டி கட்டியா வருதா?”

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பெண் முதலில் கதவைப் பார்த்தாள். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் சோங்கை ஓரக்கண்ணால் பார்த்தாள். அறுபத்தெட்டு வயதான அந்தச் சீன டாக்டர் இம்மாதிரி நேரங்களில் ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் தூண்களை எண்ணுகிறவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“அவருக்குத் தமிழ் தெரியாது,” என்றாள் புனிதா. “வலி, எங்க, சாப்ட்டியா. இந்த மூணுதான் தெரியும். மத்ததெல்லாம் அவருக்கு ரேடியோ ஓடுற மாதிரி.”

“கட்டியாத்தான் வருது. வெள்ளையா. அரிப்புதான் தாங்கலக்கா. கஸ்டமருக்குப் புருவம் எடுக்கும்போது காலை இறுக்கிக்கிட்டே நிக்கிறேன். நேத்து ஒரு அம்மாவுக்கு ஒரு பக்கம் மெலிசாப் போயிடுச்சு.”

பெண்ணின் பெயர் சிந்து. அறந்தாங்கிக்காரி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு அழகு நிலையத்தில் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பத்து நாளாக யாரிடமும் சொல்லாமல் சுமந்து திரிந்ததை அவள் திக்கித் திக்கி இறக்கிவைக்க, புனிதா அதை ஆங்கிலத்தில் நான்கே சொற்களாக்கி டாக்டரிடம் கொடுத்தாள். வெள்ளை, கட்டி, அரிப்பு, பத்து நாள். கிளினிக்கில் அவளுடைய வேலையே அதுதான். கவுண்டரில் கார்டு எடுப்பாள், மருந்து கட்டிக்கொடுப்பாள், தமிழ்ப் பெண்கள் வந்தால் உள்ளே வந்து அவர்களுக்கு வாயாக இருப்பாள். அவர்கள் அதன் பேரைச் சொல்ல மாட்டார்கள். கீழே என்பார்கள், அங்கே என்பார்கள், உடம்பு உருகிப் போகுது என்பார்கள். எலும்புதான் கரைந்து வெள்ளையாக வருகிறது என்று நம்பி, கால்படி உளுந்தைக் களி கிண்டித் தின்றுவிட்டு வந்தவர்களும் உண்டு. புனிதாவுக்கு எல்லாம் அத்துப்படி.

டாக்டர் எதை வைத்துக் கழுவுகிறாள் என்று கேட்கச் சொன்னார். சிந்து தயங்கினாள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியது, வெற்றிலைச் சாறு கலந்த பச்சைத் தண்ணி, கூட வேலை செய்கிறவள்தான் சொன்னாள், நாளைக்கு மூன்று முறை.

“மூணு முறையா? அங்க என்ன சட்டியா இருக்கு, போட்டுத் தேய்க்கிறதுக்கு? இங்க பாரு. கண்ணுல தண்ணி இருக்கு, வாயில எச்சில் இருக்கு, அதுக்காக டாக்டர்கிட்ட ஓடுறோமா? அந்த மாதிரி அங்கயும் ஈரம் இருக்கணும். மாசத்துல சில நாள் முட்டை வெள்ளை மாதிரி இழுக்கும், சில நாள் கெட்டியா இருக்கும். அது பாட்டுக்கு அதைச் சுத்தம் பண்ணிக்கும். நீ மருந்துபோட்டுக் கழுவினா நல்ல கிருமியும் சேர்ந்து செத்துப்போகும். அப்புறம் இப்படித்தான். நிறம் மாறினா, நாத்தம் வந்தா, அரிச்சா அப்ப வரணும். வெறும் தண்ணி போதும், வெளிய மட்டும். சரி, உள்ளாடைய எங்க காயப்போடுற?”

சிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பும் புனிதாவுக்குத் தெரிந்ததுதான். கடைக்கு மேலே ஒரே வீட்டில் ஒன்பது பெண்கள். மாடியில் ஆண்கள் நடமாட்டம் உண்டு. அதனால் அறைக்குள்ளேயே கட்டில் கம்பியில் போட்டு, மேலே துப்பட்டாவை விரித்து மூடிவிடுவார்கள். வெயிலும் படாது, காற்றும் படாது. காலையில் தொட்டால் சில்லென்று இருக்கும். அதையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். புனிதாவுக்குத் தெரிந்து இந்த ஊர்த் தமிழ்ப் பெண்களும் அப்படித்தான், அந்த ஊரிலிருந்து வந்தவர்களும் அப்படித்தான். கடல் தாண்டியும் அந்தத் துணிக்கு மேல் போட்ட துணியை யாரும் எடுக்கவில்லை.

“வெயில்ல போடு. பார்க்கிறவன் பார்த்துட்டுப் போறான். அவன் வீட்டுலயும் அதான் காயும்.”

பரிசோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். சிந்து எழுந்தவள் பச்சைத் திரையின் அருகே நின்றுவிட்டாள். “நீங்க வெளிய போயிராதீங்கக்கா.” புனிதா போகமாட்டாள். டாக்டர் சோங்கின் சட்டம் அது. பெண் நோயாளி என்றால் அறையில் இன்னொரு பெண் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் திரையைத் தொடவே மாட்டார். அந்த இன்னொரு பெண் எப்போதும் புனிதாதான். தலைமாட்டில் நின்றுகொண்டு, கூரையில் ஓடும் காற்றாடியைப் பார்த்தபடி, யார் நீட்டினாலும் கையைப் பிடித்துக்கொள்வாள். சிந்துவின் கை சொரசொரவென்றிருந்தது. புருவம் எடுக்க நாள் முழுக்க நூலை இழுத்து இழுத்து விரல்களில் மெல்லிய வெட்டுகள். இரண்டு நிமிடம்தான். அதற்குள் அந்த விரல்கள் புனிதாவின் மணிக்கட்டில் நான்கு சிவந்த கோடுகளைப் போட்டுவிட்டன.

“முடிஞ்சிருச்சு,” என்றாள் புனிதா. “பத்து நாள் கழிச்சு வந்து காட்டு.”

சாயந்தரம் ஐந்தே முக்காலுக்கு கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் ரயில் பிடித்துப் பெண்கள் பெட்டியில் ஏறியபோது, இடமிருந்தும் புனிதா உட்காரவில்லை. மூன்று மாதமாகவே அவள் ரயிலில் உட்காருவதில்லை. யூனிபார்ம் சட்டைக்குக் கீழே சாம்பல் கால்சட்டை போட்டுக்கொண்டிருந்தவள் கறுப்புக்கு மாறிவிட்டாள். கைப்பையின் உள்ளறையில் இரண்டு நாப்கின், ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை. ஐம்பத்தொரு வயதில், எல்லாம் நின்று ஒன்றரை வருடம் ஆனபிறகு, மறுபடி பள்ளிக்கூடப் பெண்ணைப்போல எழுந்ததும் பின்னால் தடவிப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. வெள்ளையாக இல்லை. பழுப்புத் தண்ணீர். தேயிலை வடிகட்டியில் மிஞ்சிய நிறம். அதில் ஒரு வாடை. யாருக்கும் தெரியாத வாடை என்று பகலில் நினைப்பாள், எல்லோருக்கும் தெரிந்த வாடை என்று ரயிலில் நினைப்பாள்.

யாராவது ஒரு பெண் கவுண்டரில் நின்று இதைச் சொல்லியிருந்தால் புனிதா அவளை உட்காரவிடாமல் உள்ளே இழுத்துக்கொண்டு போயிருப்பாள். டாக்டர் என்ன கேட்பார், எந்த வரிசையில் கேட்பார், எந்தப் பதிலுக்குப் பேனாவைக் கீழே வைப்பார் என்பதெல்லாம் தெரியும். நோயாளி பேசும்போது டாக்டர் சோங் எழுதிக்கொண்டே இருப்பார். பத்தொன்பது வருடத்தில் அவர் பாதியில் பேனாவைக் கீழே வைத்து அவள் பார்த்தது மூன்றே முறை. மூன்று பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒருத்தி அடுத்த தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு வந்தாள். மற்ற இருவரின் கார்டுகள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன, யாரும் கேட்டு வராமல்.

அடுக்குமாடி வீட்டின் ஆறாவது மாடி. திறந்ததும் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு பால்கனி. பால்கனிக்கு எதிரே கட்டடம் ஏதும் இல்லை, வானமும் தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்களும்தான். அங்கே கொடியில் ஒரு பெரிய துண்டு தொங்கியது. துண்டுக்கு அடியில் அவளுடைய உள்ளாடைகள். அன்று காலை சிந்துவுக்குச் சொன்னதெல்லாம் நினைவுக்கு வர, துண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். யாரிடமிருந்து மூடியிருக்கிறாள் என்று யோசித்தாள். கிரேன்களிடமிருந்தா?

துண்டை எடுக்கவில்லை. போன் அடித்தது. அண்ணன் திருச்செல்வத்தின் மனைவி அமுதவள்ளி.

“என்ன புனிதா, நாலு வெள்ளிக்கிழமையாக் கோயில்ல ஆளையே காணோம்?”

“டிரெயின் லேட்டு அண்ணி.”

“எப்பப் பார்த்தாலும் டிரெயின். பேசாம அந்த டிரெயினையே நீ கட்டிக்கிட்டிருக்கலாம்.” அமுதவள்ளி சிரித்தாள். புனிதாவும் சிரித்து வைத்தாள்.

அண்ணியிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. நின்றுபோன பிறகு வருவது தீட்டா, இல்லையா? மாதவிலக்கு நின்றபோது அவளுக்கு வருத்தமே இல்லை. இனி எந்த நாளும் கோயிலுக்குப் போகலாம், நாள் எண்ண வேண்டாம் என்று சந்தோஷப்பட்டவள் அவள். இப்போது இது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை. சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளே வாசலில் நின்றுவிடுகிறாள். ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வரை நடந்துபோய், செருப்பை விடும் இடத்தில் நின்று, உள்ளே மணியடிப்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். வீட்டில் சாமி மாடத்து விளக்கை ஏற்றுவதையும் விட்டுவிட்டாள். கேட்டால் அண்ணி பதில் சொல்வாள். பதிலோடு நிறுத்த மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிள்ளானில் இருக்கும் சொந்தம் எல்லாருக்கும் புனிதாவின் பழுப்புத் தண்ணீர் தெரிந்துவிடும். கல்யாணமே ஆகாதவளுக்கு அங்கே என்ன வியாதி என்று யாராவது ஒருத்தி மெல்லக் கேட்பாள்.

மறுநாள் காலை, முதல் நோயாளி வருவதற்கு முன்னால், புனிதா டாக்டரின் அறைக்குள் போய் நின்றாள். வழக்கம்போல இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

“டாக்டர், ஒரு லேடி போன் பண்ணாங்க. வெட்கப்படுறாங்க, நேர்ல வரல.”

“ம்.” அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

“பழுப்பா தண்ணி மாதிரி போகுதாம். கொஞ்சம் வாடை. வயசு ஐம்பத்தொண்ணு. பீரியட் நின்னு ஒன்றரை வருசம் ஆச்சு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

தெரிந்ததுதான். ஆனாலும் மேசைக் கண்ணாடியில் பிளாஸ்டிக் பட்ட அந்தச் சின்னச் சத்தத்துக்கு அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தனை நாளா?”

“தைப்பூசத்துக்கு மறுவாரம் செவ்வாய்க்கிழமையிலிருந்து.”

சொன்ன பிறகுதான், போனில் பேசிய பெண்ணுக்கு இவ்வளவு துல்லியம் கூடாது என்று உறைத்தது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கல்யாணம் ஆனவங்களா?”

எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்விதான். எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு முன்னால் போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டிய பழனியப்பன் என்ற ஒருவன், இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள், பிறகு ஈப்போவில் அவன் அம்மா பார்த்து வைத்த பெண். அவ்வளவுதான் கதை. யாரும் கேட்காததால் அது நடந்ததென்றே அவளுக்குச் சில சமயம் தோன்றாது.

“ஆகல டாக்டர்,” என்றாள். டாக்டர் காத்திருந்தார். “ஆனா... ஆமான்னு எழுதிக்கோங்க.”

டாக்டர் புதுக் கார்டு ஒன்றை எடுத்து எழுதினார். ஐம்பத்தொன்று, கிள்ளான், ஆமாம். பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டு அவளிடம் நீட்டினார். “பத்துப் பேர்ல ஒன்பது பேருக்கு ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லு. வயசுல அந்த இடம் வறண்டுபோய்ப் புண்ணாகும், சின்னதா சதை வளர்ந்திருக்கும். ஆனா பத்தாவது ஆள் யாருன்னு பார்க்காம சொல்ல முடியாது. சீக்கிரம் வரச் சொல்லு.”

கார்டைத் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

அதன்பிறகு ஒவ்வொரு நாள் காலையும், குடையை மூலையில் வைத்தபடியே டாக்டர் கேட்பார். “கிள்ளான் லேடி வந்தாங்களா?” “வரேன்னு சொன்னாங்க டாக்டர்.” அவ்வளவுதான். வேறொன்றும் கேட்க மாட்டார். ஐந்தாம் நாள், “ஆம்பளை டாக்டர்னு யோசிக்கிறாங்களோ என்னவோ,” என்று சொல்லி, பங்சாரில் இருக்கும் ஒரு பெண் டாக்டரின் முகவரியைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அன்று மதியமே புனிதா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். கூடம் நிறைய ஆட்கள். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், நல்ல பெண்தான், குரல்தான் கொஞ்சம் பெரிது.

“ஆன்டி, என்ன ப்ராப்ளம்? கார்டுல போடணும்.”

“தலைவலி,” என்றாள் புனிதா.

தலைவலி மாத்திரையோடு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் பட்டது. இதே கேள்வியை, இதே குரலில், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று அவளும் பத்தொன்பது வருடம் கேட்டிருக்கிறாள். எத்தனை பேர் வயிற்றுவலி என்று சொல்லி வயிற்றுவலி மருந்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். பஸ் வந்தது. உட்காரவில்லை.

சனிக்கிழமை கிளினிக் அரை நாள். பன்னிரண்டு மணிக்குக் கடைசி நோயாளியும் போன பிறகு, புனிதா இழுப்பறையைத் திறந்து அந்தக் கார்டை எடுத்தாள். காலையில் குளியலறையில் பழுப்பு இல்லை, சிவப்பு. ஒரு சொட்டுதான். ஆனால் சிவப்பு. பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். எத்தனையோ ஆயிரம் பெயர்களை அந்தக் கட்டத்துக்குள் எழுதிய கை, இந்த ஒன்றைக் கட்டத்துக்கு வெளியே இழுத்துவிட்டது. உள்ளே போய் மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் பார்த்தார். வியப்பு எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. “சரி,” என்றார். பிறகு, நிமிராமலே, “உள்ளே யார் நிப்பாங்க, புனி?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அவள் யோசித்திருக்கவே இல்லை.

“ரூல் உனக்கும் சேர்த்துத்தான்,” என்றார். “என்கிட்ட வேலை செய்யிறவங்கிறதால இன்னும் முக்கியம். திங்கட்கிழமை உன் அண்ணியைக் கூட்டிட்டு வரலாமே. தங்கச்சி யாராவது? பிரெண்ட்?”

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்தாள். பிரெண்ட் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் தாமதமாக அசைத்தாள். போனில் இருக்கும் பெயர்களை மனதுக்குள் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். கேஸ் சிலிண்டர்காரர், அடுக்குமாடி அலுவலகம், அண்ணன், அண்ணி, மருந்து கம்பெனி, திருமண வாழ்த்துக்கு மட்டும் பேசுகிற பள்ளித் தோழிகள். எத்தனை பெண்களின் கையைப் பிடித்திருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு ரயில் நிறையும். அவர்களில் ஒருத்தியின் போன் நம்பர்கூட அவளிடம் இல்லை. இருந்தால் கார்டில் இருக்கும். கார்டிலிருந்து நம்பர் எடுத்துப் பேசுவது முறையில்லை.

“ஒரு மணி வரைக்கும் நான் இருக்கேன்,” என்றார் டாக்டர். “யாரும் வரலன்னா திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதித் தரேன். அங்க நர்ஸ் இருப்பாங்க. ஆனா இன்னைக்கே ஒரு தடவை பார்த்தா நல்லது.”

கவுண்டருக்குத் திரும்பி வந்து, செய்ய ஒன்றுமில்லாமல் மருந்துக் கவர்களை அடுக்கினாள். பன்னிரண்டே முக்காலுக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சிந்து வந்தாள். அழகு நிலையத்தின் ஊதா ஏப்ரன், கழுத்தில் மாலைபோலச் சுற்றிப் போட்ட வெள்ளை நூல். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

“மூடிட்டீங்களாக்கா? பத்து நாள்ல காட்டச் சொன்னீங்களே. கால் மணி நேரம்தான் விட்டாங்க. மூணு கல்யாணப் பொண்ணு உட்கார்ந்திருக்கு.”

“எப்படி இருக்கு?”

“சுத்தமா நின்னுருச்சு. அரிப்பே இல்ல.” சிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அந்தப் பச்சைத் தண்ணிய வீசிட்டேன். நீங்க சொன்ன மாதிரி மாடியிலதான் போடுறேன், வெயில்ல. முதல் நாள் எல்லாரும் கிண்டல் பண்ணாளுங்க. இப்ப ஒன்பது பேரும் அங்கதான் போடுறாளுங்க. மாடியே திருவிழாவுக்குத் தோரணம் கட்டின மாதிரி இருக்குக்கா. கீழ்க்கடை அண்ணன் மேல ஏறவே மாட்டேங்குறாரு.”

புனிதா சிரித்தாள். பல நாட்கள் கழித்து வந்த சிரிப்பு. அவளுடைய பால்கனி நினைவுக்கு வந்தது. ஆறாவது மாடி, எதிரே யாருமில்லாத வானம், ஒரு துண்டு.

“அப்ப நான் டாக்டரப் பார்க்க வேணாமா?”

“வேணாம். உனக்கு ஒண்ணுமில்ல.”

“அப்ப வரேங்க்கா. தேங்க்ஸ்.” சிந்துவின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, கவுண்டரின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தளர்ந்த ஏப்ரன் முடிச்சை இறுக்கிக் கட்டினாள். புனிதா அவள் விரல்களைப் பார்த்தாள். வெட்டுகள் ஆறி, பக்கத்திலேயே புது வெட்டுகள் விழுந்திருந்தன. சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது.

“சிந்து.”

“ம்?”

தன் குரல் கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல இருந்தது புனிதாவுக்கு. ஆங்கிலத்தில் நான்கு சொற்களாக்கிவிடலாம். தமிழில் எத்தனை சொல் வேண்டும் என்று தெரியவில்லை.

“என்னையும் டாக்டர் பார்க்கணும். அங்கதான். கூட ஒரு பொம்பள இருந்தாத்தான் அவர் பார்ப்பாரு. நீ கொஞ்சம் உள்ள வந்து நிக்கிறியா? திரைக்கு அந்தப் பக்கம், என் தலைமாட்டுல நின்னாப் போதும். நீ எதையும் பார்க்க வேணாம். மேல காத்தாடி இருக்கு, அதப் பார்த்துக்கிட்டு நில்லு.”

சிந்துவின் கை ஏப்ரன் முடிச்சில் நின்றது. மற்றொரு கை கழுத்தில் கிடந்த நூலின் நுனியைத் தேடிப் பிடித்து விரலில் சுற்றத் தொடங்கியது. உள்ளே டாக்டர் குழாயைத் திறந்து கைகழுவும் சத்தம் கேட்டது. போன் மறுபடி அதிர்ந்து, கவுண்டர் கண்ணாடியின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.